சக்கரமின்றி வனைந்த குடங்கள்

மண்பாண்டம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது சுழலும் சக்கரமே ஆகும். சக்கரத்தின் நடுவில் வைத்த களிமண், குயவரின் விரல்களுக்கிடையே குடமாகவும் சட்டியாகவும் எழுவதை நம்மில் பலர் இளமையில் வியப்புடன் பார்த்திருக்கிறோம். ஆயினும், பாண்டம் வனைவதற்குச் சக்கரம் இன்றியமையாதது அன்று. சக்கரம் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் தன் கைகளாலேயே கலங்களை வனையக் கற்றிருந்தான். உலகின் பல பகுதிகளில் இன்றும் அந்த முறை வழங்கி வருகின்றது. நம் வீடுகளில் இருந்த மண் அடுப்பும் நெற்குதிரும்கூடச் சக்கரத்தில் ஏறாமல், கையாலேயே உருப்பெற்றவை அல்லவா?

கையால் வனையும் கலை என்றால் அது பழமையானது, எளியது, ஆகவே தாழ்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைத் தம் வாழ்க்கையால் காட்டியவர், மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா நாட்டுக் கிராமப் பெண்மணி லாடி குவாலி அம்மையார். இன்று அந்நாட்டின் 20 நைரா நோட்டில் அவர் உருவம் அச்சிடப்பட்டிருக்கிறது. அவர் வரலாறு ஒரு தனிப்பட்டவரின் வெற்றிக் கதை மட்டுமன்று. ஒரு கிராமத் தொழிலை வளர்க்க அரசாங்கம் முன்வரும்போது, அந்த ஊரில் முன்னரே குடிகொண்டுள்ள திறமையை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. ஆதலின், பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அதனை அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

குவாலி கிராமம்

நைஜீரியாவின் நடுப்பகுதியில், இன்றைய தலைநகரான அபூஜாவைச் சார்ந்த பிரதேசத்தில் குவாலி என்ற ஊர் உள்ளது. அங்கு வாழ்பவர்கள் குவாரி இனத்தவர். தம்மைக் குபாகி என்று அவர்கள் கூறிக்கொள்வர். உழவே அவர்களுடைய முதன்மையான தொழில். அம்மக்களிடையே மண்பாண்டம் வனைவது பெண்களின் வேலை. தண்ணீர்க் குடம், சமையல் சட்டி, தானியம் வைக்கும் பானை ஆகிய யாவற்றையும் பெண்களே செய்து, வீட்டுக்கு வேண்டியவை போக மிகுந்தவற்றைச் சந்தையில் விற்பர்.

ஏறக்குறைய 1925 ஆம் ஆண்டில் லாடி பிறந்தார். ஞாயிற்றுக்கிழமையில் பிறந்த பெண்குழந்தைக்கு அப்பகுதியில் லாடி என்று பெயரிடுவது வழக்கம். ஊரின் பெயரே அவருடைய பெயரின் பிற்பகுதியாக அமைந்தது. குழந்தைப் பருவத்திலேயே தம் அத்தையிடம் இத்தொழிலைக் கற்றார். பள்ளியோ, பாடப்புத்தகமோ, சான்றிதழோ அங்கில்லை. பெரியவர்கள் செய்வதை அருகிருந்து பார்ப்பதும், சிறு கலங்களில் கைபழகுவதும், பின்னர்ப் பெரிய குடத்துக்கு வருவதுமே கல்வியாக இருந்தது. இளவயதிலேயே அவருடைய குடங்களுக்குத் தனிப் பெயர் ஏற்பட்டது.

கையால் வனையும் விதம்

லாடி அம்மையார் பெரிய தண்ணீர்க் குடம் ஒன்றை எவ்வாறு வனைந்தார் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். நன்றாக மிதித்துப் பிசைந்த களிமண் உருண்டையை முதலில் எடுத்துக்கொள்வார். அதன் நடுவே கைமுட்டியால் குத்திக் குழியாக்கி, ஓரங்களை மேல்நோக்கி இழுத்துக் குடத்தின் அடிப்பகுதியை உருவாக்குவார். பிறகு மண்ணை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் தடித்த கயிறுபோல் திரிப்பார். அந்தத் திரியை விளிம்பின்மேல் சுற்றிவைத்து, விரலால் அழுத்தி, அடிமண்ணோடு ஒன்றாக இழைத்துவிடுவார். ஒரு திரியின்மேல் மற்றொரு திரியாகச் சுவர் உயர்ந்துகொண்டே போகும்.

சக்கரத்தில் மண் சுழல்கிறது, குயவர் அமர்ந்திருக்கிறார். இங்கோ மண் நிலையாக நிற்கிறது. வனைபவரே அதனைச் சுற்றி வருகிறார். குடத்தைச் சுற்றிப் பின்னோக்கி நடந்தவாறே அம்மையார் திரிகளைச் சேர்ப்பார், சுவரைத் தட்டுவார், சுரைக்குடுக்கையின் ஓட்டுத் துண்டாலும் மரத்தகட்டாலும் வழித்துச் சமனாக்குவார். அளவுகோல் எதுவும் இல்லாமலே குடத்தின் வயிறு ஒரே வட்டமாக அமையும். அவருடைய கால்நடையின் சீரே அங்கே சக்கரமாக வேலை செய்தது எனலாம்.

இவ்வேலையில் காலம் அறிந்து செய்வதே முக்கியம். மண்சுவர் எழுப்பியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வரிசை மண் வைத்து, அது ஓரளவு இறுகிய பின்னரே அடுத்த வரிசையை ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் அடிச்சுவர் பாரம் தாங்காமல் சரியும். மிகுதியாகக் காயவிட்டாலோ, புதிய ஈரமண் பழைய மண்ணுடன் ஒட்டாமல், காயும்பொழுது இணைப்பில் வெடிப்பு விடும். எந்த நேரத்தில் நிறுத்துவது, எந்த நேரத்தில் தொடர்வது என்பதைக் கைதான் அறிந்திருக்க வேண்டும்.

மண்ணின் தன்மையும் இங்கு வேறு. சக்கரத்துக்கு மிருதுவான, நன்றாகச் சலித்த மண் வேண்டும். பருமணல் கலந்திருந்தால் சுழலும்போது விரலைக் கிழிக்கும். கையால் வனையும் மண்ணில் பருக்கைகள் இருப்பதே நல்லது. அவை மண் காயும்பொழுது அளவுக்குமேல் சுருங்காமல் காக்கின்றன. சுடும்பொழுது உள்ளிருக்கும் நீராவி வெளியேற வழிவிடுகின்றன. அடுப்பின்மேல் ஏறும் சட்டி சூட்டினால் விரிந்து வெடிக்காமல் தாங்கவும் உதவுகின்றன. எனவே, மண்ணில் மணல் கலந்திருப்பது அறியாமையினால் நேர்ந்ததன்று. அனுபவம் கண்ட முறையே அது.

குடம் பாதி காய்ந்திருக்கும்போது அதன்மேல் கோலமிடுவார்கள். செதுக்கிய சிறு மர உருளையை உருட்டி வரிவரியான பதிவுகளை இடுவர். கூரிய முனையால் கோடுகள் கீறுவர். லாடி அம்மையாரின் குடங்களிலே பல்லி, ஓணான், பாம்பு, முதலை, தேள் முதலிய உயிர்கள் கட்டங்களுக்கும் கோடுகளுக்கும் நடுவே ஊர்ந்து செல்வதைக் காணலாம். குவாரிப் பெண்களின் மரபில் வந்த அவ்வுருவங்கள் அவர் கையில் தனி அழகு பெற்றன.

நெருப்பின் வேலை

நன்கு காய்ந்த கலங்களைத் திறந்த வெளியில் அடுக்கி, விறகும் உலர்ந்த புல்லும் மூடித் தீயிடுவது அங்குள்ள வழக்கம். தனியாகச் சூளை கட்டுவதில்லை. இவ்வாறு திறந்த வெளியில் சுடும்போது வெப்பம் பொதுவாக 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை எழும். ஏறக்குறைய 600 டிகிரியை எட்டுவதற்குள், களிமண்ணின் உட்பொருளோடு கலந்திருக்கும் நீர் நீங்கிவிடுகிறது. அதன்பின் அம்மண் எவ்வளவு நனைந்தாலும் மீண்டும் சேறாவதில்லை. தீயிலிருந்து எடுத்த சூடான கலத்தின்மேல், ஒருவகை மரத்தின் நெற்றுகளை ஊறவைத்த சாற்றைத் தெளிப்பார்கள். அது கலத்துக்குக் கருஞ்சிவப்பு நிறம் தருவதோடு, நீர் அளவுக்குமேல் கசியாமலும் தடுக்கிறது.

இவ்வாறு சுட்ட குடத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்திருக்கும். அவற்றின் வழியே சிறிதளவு நீர் வெளிப்புறம் கசிந்து, காற்றில் ஆவியாகிறது. ஆவியாகும் நீர் குடத்தின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ச்சி அடைகிறது. கோடையில் நம் வீட்டுப் பானைத் தண்ணீர் தண்ணென்று இருப்பதற்கும் இதுவே காரணம். இந்தச் சிறு உண்மையை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் இது நமக்குப் பயன்படும்.

பயிற்சி நிலையம் வந்த கதை

அக்காலத்தில் நைஜீரியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. மண்பாண்டத் தொழிலை நாட்டில் வளர்க்கக் கருதிய அரசாங்கம், மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயரை அதற்கான அதிகாரியாக நியமித்தது. 1901 ஆம் ஆண்டில் பிறந்த இவர், இங்கிலாந்தில் புகழ்பெற்ற பாண்டக் கலைஞரான பெர்னார்டு லீச்சிடம் தொழில் பயின்றவர். இவருக்கு ஆப்பிரிக்கா புதிதன்று. 1942 ஆம் ஆண்டில் கோல்டு கோஸ்டு எனப்பட்ட இன்றைய கானா நாட்டுக்குச் சென்று, அங்கே அலாஜோ என்னுமிடத்தில் அரசாங்கத்தின் சார்பில் ஓடும் பாண்டங்களும் செய்யும் பெருந்தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். தொழில்நுட்பத் தொல்லைகள் பலவற்றால் அது நிலைக்கவில்லை. 1945 இல் மூடப்பட்டது. பின்னர் வோல்டா ஆற்றங்கரையிலுள்ள ஒரு கிராமத்தில் சிறிய பட்டறை அமைத்து, அவ்வூர் மண்ணையும் கல்லையும் கொண்டு 1948 வரை தம் முயற்சியைத் தொடர்ந்தார்.

இந்த அனுபவத்துடன் நைஜீரியாவுக்கு வந்த கார்டியூ, பெருந்தொழிற்சாலையை நாடவில்லை. உள்ளூர் மண், உள்ளூர் விறகு, உள்ளூர் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டே இயங்கும் சிறிய பயிற்சி நிலையத்தை 1952 ஆம் ஆண்டில் அபூஜா என்ற ஊரில் தொடங்கினார். பின்னாளில் அந்நாட்டின் புதிய தலைநகருக்கு அபூஜா என்ற பெயர் சூட்டப்பட்டபோது, இப்பழைய ஊர் சுலேஜா என்று பெயர் மாற்றம் பெற்றது.

நிலையத்தில் சக்கரங்கள் இருந்தன. விறகால் எரியும் சூளை இருந்தது. மரச்சாம்பலையும் அரைத்த பாறைப் பொடியையும் கலந்து கண்ணாடிப் பூச்சுக் குழம்பு தயாரிக்கவும் பயிற்சி அளிக்கப்பட்டது. பாண்டங்கள் 1200 டிகிரிக்கும் மேற்பட்ட கடும் வெப்பத்தில் சுடப்பட்டன. அவ்வெப்பத்தில் மண் உருகத் தொடங்கி, நுண்துளைகள் அடைபட்டுக் கல்லைப்போல் இறுகுகிறது. மேற்பூச்சும் உருகிக் கண்ணாடியாகப் படிகிறது. ஊறுகாய் வைக்கும் ஜாடியை நினைத்துக்கொண்டால் இவ்வகைப் பாண்டம் எத்தகையது என்பது விளங்கும். கிண்ணம், தட்டு, கூசா, மூடியுள்ள சமையல் பாத்திரம் முதலியவற்றை அங்கே செய்தனர்.

விடுபட்டுப்போன பெண்கள்

இத்திட்டத்தில் ஒரு குறை இருந்தது. பயிற்சி பெற வந்தவர்கள் அனைவரும் ஆண்கள். ஆனால், அப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பாண்டம் வனைந்து வந்தவர்கள் பெண்கள். தொழிலை அறிந்தவர்கள் வெளியே நின்றனர். அறியாத இளைஞர்கள் உள்ளே சென்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினர். புதிய தொழிலை ஊருக்குக் கொண்டுவருகிறோம் என்ற எண்ணத்தில் ஊரின் பழைய தொழிலாளரை மறந்துவிடுவது, எந்த நாட்டுத் திட்டத்திலும் நேரக்கூடிய குறையேயாகும்.

எனினும் கார்டியூவின் கண்ணுக்கு உண்மை புலப்படாமல் போகவில்லை. 1950 ஆம் ஆண்டில் அபூஜாவின் அமீர் சுலைமான் பராவ் அவர்களின் அரண்மனைக்குச் சென்றிருந்தபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த பெரிய தண்ணீர்க் குடங்களைக் கண்டு அவர் வியந்திருந்தார். அவை லாடி குவாலி அம்மையாரின் கைவேலை. ஊரின் சிற்றரசரே விரும்பி வாங்கிப் போற்றிய திறமை அது. நிலையம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 இல், லாடி அம்மையார் அங்கே சேர்ந்தார். அந்நிலையத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே.

சக்கரத்தில் வனைவதையும் பூச்சுக் குழம்பு தயாரிப்பதையும் அவர் அங்குக் கற்றுக்கொண்டார். ஆனால், தம் பெரிய குடங்களைச் சக்கரத்தில் ஏற்றவில்லை. இளமையில் கற்றபடியே திரி வைத்து, சுற்றி நடந்து, தட்டி உயர்த்தினார். கோலங்களையும் பழையபடியே கீறினார். கீறல்களில் வெள்ளை மண் குழம்பை நிரப்பினார். அதன்மேல் நிலையத்தின் கண்ணாடிப் பூச்சு ஏறியது. நிலையத்துச் சூளையில் கடும் வெப்பத்தில் குடம் சுடப்பட்டது. பச்சையும் கருஞ்செம்மையும் கலந்து பளபளக்கும் பூச்சின் உள்ளே பல்லிகளும் பாம்புகளும் வெண்கோடுகளாக மின்னின. பழைய கையும் புதிய நெருப்பும் ஒன்றுகூடியதால் பிறந்தவை அக்குடங்கள்.

அவரைத் தொடர்ந்து ஹலீமா ஆவுது, அசிபி இதோ, காண்டே உஷாஃபா முதலிய பெண்களும் நிலையத்துக்கு வந்தனர். பின்னர் கையால் வனையும் பெண்களுக்கெனத் தனிப் பணிக்கூடமே அங்கு ஏற்பட்டது. தொடக்கத்தில் விடுபட்டுப்போனவர்களே பின்னர் நிலையத்தின் பெருமைக்குக் காரணமாயினர்.

பெற்றதும் இழந்ததும்

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் யாவை? லாடி அம்மையாரின் குடங்கள் 1958, 1959, 1962 ஆகிய ஆண்டுகளில் லண்டனிலுள்ள பெர்க்லி காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றன. 1960 இல் நைஜீரியா விடுதலை பெற்றபோது நாட்டின் பெருமைக்குரிய கலைகளுள் ஒன்றாக அவருடைய வேலை எடுத்துக்காட்டப்பட்டது. ஆங்கில அரசாங்கம் எம்.பி.இ. விருது அளித்தது. 1972 ஆம் ஆண்டில் கார்டியூவுடனும் கானா நாட்டுக் கலைஞர் கிளமெண்டு கோஃபி ஆதேயுடனும் அமெரிக்காவுக்குச் சென்று, பல ஊர்களில் மக்கள் முன்னிலையில் குடம் வனைந்து காட்டினார். 1977 இல் சாரியா நகரிலுள்ள அகமது பெல்லோ பல்கலைக்கழகம், எழுத்தறியாத இப்பெண்மணிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. நைஜீரிய அரசாங்கம் 1980 இலும் 1981 இலும் உயர்ந்த தேசிய விருதுகளை அளித்தது. 1984 ஆகஸ்டு 12 ஆம் நாள் அவர் காலமானார். அவர் பணியாற்றிய நிலையம் பிற்காலத்தில் அவர் பெயரையே தாங்கியது. 2007 ஆம் ஆண்டு முதல் 20 நைரா நோட்டில் அவர் உருவம் இடம்பெற்றது.

இழந்தது எது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னர்க் கூறிய நுண்துளைகளை இங்கு நினைவுகூர்வோம். கடும் வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடிப் பூச்சுப் பெற்ற குடத்தில் அத்துளைகள் இல்லை. எனவே நீர் கசிவதில்லை. கசியாத குடம் நீரைக் குளிர்விப்பதும் இல்லை. குவாலி கிராமத்துக் குடிசையில் தண்ணீரைத் தண்ணென்று வைத்திருந்த குடம், நிலையத்துச் சூளையிலிருந்து வெளிவந்தபோது பார்த்து மகிழும் அழகுப் பொருளாகிவிட்டது. நிலையத்தின் பாண்டங்களை விலைகொடுத்து வாங்கியோரும் பெரும்பாலும் நகரத்தாரும் வெளிநாட்டினருமே. உழவர் வீட்டுக்கு அவை அதிகமாகச் சென்றடையவில்லை.

இதனால் நிலையம் செய்த பணி வீண் என்று கொள்ளக்கூடாது. அது இல்லையேல் லாடி அம்மையாரின் பெயர் அவர் ஊர்ச் சந்தைக்கு அப்பால் சென்றிருக்குமா என்பது ஐயமே. ஆனால், ஒரு பொருளைச் சீர்திருத்தும்போது அதன் பழைய பயன் என்ன என்பதை முதலில் அறியவேண்டும். உறுதியைக் கூட்டுவது ஒரு சீர்திருத்தம். அதனால் குளிர்ச்சி போய்விடும் என்பதை அறிந்து செய்தால்தான் அது அறிவுடைய சீர்திருத்தம். வீட்டுக்கு வேண்டிய குடம் வேறு, காட்சிக்கு வேண்டிய குடம் வேறு என்று பிரித்து, இரண்டையும் அததற்குரிய முறையில் வளர்ப்பதே நன்று.

மற்றொரு கிராமத்தின் பாடம்

அபூஜா நிலையத்துப் பெண்களிடம் கையால் வனையும் கலையைக் கற்றவர்களுள் மக்டலீன் ஒடுண்டோ என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1950 இல் கென்யா நாட்டில் பிறந்த இவர், இங்கிலாந்தில் கலைக்கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது, கார்டியூவின் தூண்டுதலால் 1974 ஆம் ஆண்டில் அபூஜாவுக்குச் சென்றார். இன்று உலகின் தலைசிறந்த பாண்டக் கலைஞர்களுள் ஒருவராக விளங்கும் அவரும் சக்கரத்தைக் கொள்ளாமல் கையாலேயே வனைகிறார். கல்லூரியில் கற்றவர் கிராமப் பெண்களிடம் மாணவியாக அமர்ந்தார் என்பது நாம் கருதத்தக்க செய்தி.

ஒடுண்டோ சென்று கற்ற மற்றோர் இடம், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள சான் இல்டிஃபான்சோ என்ற பழங்குடிக் கிராமம். அங்கு மரியா மார்ட்டினஸ் அம்மையார், தம் கணவர் ஜூலியனுடன் சேர்ந்து, 1920 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கரிய நிறப் பாண்டங்களைச் செய்யும் முறையை வகுத்தார். அவையும் கையால் வனைந்தவையே. வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய கலங்களைத் திறந்த வெளியில் சுட்டு, தீ உச்சத்தை அடைந்ததும் அதன்மேல் பொடித்த சாணத்தைக் கொட்டி மூடிவிடுவார்கள். காற்று புகாமல் புகை உள்ளேயே அடைபடுவதால் செந்நிறக் கலம் கருமை அடைகிறது. மண்ணும் சாணமும் கல்லுமே இத்தொழிலின் மூலதனம்.

மரியா அம்மையாரின் சிறப்பு வேறொன்றில் உள்ளது. கண்டறிந்த முறையைத் தமக்குள் மறைத்து வைக்காமல் ஊரிலுள்ள மற்றக் குடும்பங்களுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். தம் பெயர் பொறித்த கலத்துக்கு மிகுந்த விலை கிடைத்தபோது, பிறர் செய்த கலங்களிலும் தம் பெயரை எழுதிக்கொடுத்தார். சிறிய விவசாயக் கிராமமாகிய அவ்வூரில் பாண்டத் தொழில் பல குடும்பங்களுக்கு முக்கியமான வருவாயாக வளர்ந்தது. 1980 இல் அவர் மறைந்த பின்னரும் அவர் குடும்பத்தாரும் ஊராரும் அதனைத் தொடர்ந்து செய்து வருகின்றனர். லாடி அம்மையாரின் கலை ஊரைவிட்டு நிலையத்துக்குச் சென்று சிறந்தது. மரியா அம்மையாரின் கலை ஊரிலேயே நின்று பரவியது. இரண்டிலும் பொதுவானது ஒன்றே. திறமை வெளியிலிருந்து வரவில்லை; அது ஊரிலேயே இருந்தது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

நம் கிராமங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் படிப்பினைகள் சில உண்டு. முதலாவது, ஊரிலுள்ள கைத்திறனைக் கணக்கெடுத்தல். யார் என்ன தொழில் அறிந்திருக்கிறார்கள் என்று கேட்கும்போது ஆண்களின் பெயரை மட்டும் எழுதிக்கொள்வது நம்மிடையேயும் பழகிப்போன வழக்கம். மண் மிதிப்பவர், சலிப்பவர், கலத்துக்கு மெருகு தேய்ப்பவர், அடுப்பும் குதிரும் செய்பவர் ஆகியோரில் பெண்கள் பலர். அவர்கள் பெயரும் ஏட்டில் ஏறவேண்டும். தமிழ்நாடு மண்பாண்டத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தகுதியுடைய அனைவரும் பதிவு பெறுவதற்குப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வழிகாட்டலாம்.

இரண்டாவது, மண். களிமண் இல்லையேல் இத்தொழில் இல்லை. 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், ஏரி குளங்களில் படிந்துள்ள களிமண்ணை மண்பாண்டத் தொழிலுக்காகக் கட்டணமின்றி எடுக்க உரிய அனுமதியுடன் இடமளிக்கின்றன. விவசாயிகள் தம் நிலங்களுக்கு வண்டல் எடுக்கவும் அவ்விதிகளே வழி செய்கின்றன. 2024 ஆம் ஆண்டில் இந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும் வகையில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஏரியைத் தூர்வாரும்போது நல்ல களிமண் உள்ள இடம் எது என்று ஊர்க் குயவர்களைக் கேட்டறிந்து, அவர்களுக்கு வேண்டிய அளவை முதலில் எடுக்க விட்டால், பின்னர் அவர்கள் மண்ணுக்காக அலையவேண்டிய நிலை ஏற்படாது. வயலுக்கு வண்டலும் குயவருக்குக் களிமண்ணும் ஏரிக்கு ஆழமும் ஒரே வேலையில் கிடைக்கும்.

மூன்றாவது, இடம். மழைக்காலத்தில் பாண்டம் காய்வதில்லை. நனைந்த விறகும் எரிவதில்லை. கூரையுள்ள பொதுக்கொட்டகை ஒன்று இருந்தால் பல குடும்பங்கள் அங்கே வனையவும் உலர்த்தவும் இயலும். வாரச் சந்தையிலே பாண்டங்களை இறக்கி வைக்க, வண்டிகள் மோதாத ஓர் ஓரத்தை ஒதுக்கித் தருவதும் பேருதவியாகும்.

நான்காவது, பயிற்சி. பயிற்சி வகுப்பு நடத்த வெளியூரிலிருந்து ஆசிரியரை அழைப்பதில் தவறில்லை. அதற்கு முன்னர், ஊரில் இத்தொழிலில் கைதேர்ந்த முதியவர் ஒருவரை அவ்வகுப்பில் ஆசிரியராக அமர்த்தி ஊதியமும் தரவேண்டும். புதிய சூளையையும் புதிய பூச்சையும் அவர்களோடு கலந்து ஆராய்ந்தே புகுத்தவேண்டும். எந்தப் பாண்டத்தை எதற்காக மக்கள் வாங்குகிறார்கள் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் இளம்பெண்களும் இவ்வகுப்புகளில் சேரலாம்.

கையால் வனைவதற்கு மின்சாரம் வேண்டா. விலையுயர்ந்த இயந்திரம் வேண்டா. மண், நீர், விறகு, பொறுமை ஆகிய நான்கும் இருந்தால் போதும். முதல் மூன்றும் கிடைக்கச் செய்யும் ஆற்றல் பஞ்சாயத்துக்கு உண்டு. நான்காவதாகிய பொறுமை நம் கைவினைஞர்களிடம் தலைமுறை தலைமுறையாகவே இருந்து வருகிறது. அவர்களைத் தேடிச்சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதற்கேற்பத் திட்டம் வகுப்பதே நாம் செய்யவேண்டிய முதல் வேலை.